அம்மாவின் இதயத் துடிப்பும் மக்னீசியமும்: எல்லாரும் மாத்திரை எடுக்க வேண்டுமா?

பாலிக் பூலாவ் மகள் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இரத்த அழுத்தம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் விசை குறைந்து கால்கள் வீங்கியபோது ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையைத் தொடங்கினார்கள். காஸ்திரிக் (இரைப்பை எரிச்சல்) தொல்லைக்காக ஒமெப்பிரசோல் குளிகையை நான்கு ஆண்டுகளாக ஒருநாளும் விடாமல் விழுங்கி வருகிறார்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு, நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் இருக்கிறது என்றார். கைவிரல்கள் நடுங்கின, கண்ணிமை தானாகத் துடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருப்பதாகச் சொல்லி, நரம்பு வழியாகவும் மாத்திரையாகவும் இரண்டு நாள் கொடுத்தார்கள். மாலையில் சற்று ஏறிய எண் மறுநாள் காலையில் பழையபடி இறங்கியது. மூன்றாம் நாள் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர்தாம் மக்னீசியத்தையும் பார்க்கச் சொன்னார். முடிவு லிட்டருக்கு 0.41 மில்லிமோல் என்று வந்தது. அன்று மாலையே மக்னீசியம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பொட்டாசியம் ஏறிய இடத்தில் நின்றது. துடிப்பும் ஒழுங்குக்கு வந்தது.

இப்போது என் மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்வந்த அம்மாவுக்கு இதை ஏன் ஒருவரும் சோதிக்கவில்லை? மற்றொன்று, உறவினர் ஒருவர் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மக்னீசியப் புட்டி கொண்டுவந்து, இதைக் குடும்பத்தில் எல்லாரும் எடுத்தால் இதய அடைப்பே வராது, இருக்கும் அடைப்பும் கரைந்துவிடும் என்கிறார். அம்மா பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அதை ஒதுக்கவும் மனம் வரவில்லை, நம்பவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், பட்டர்வொர்த், ஞாயிறு இரவு 10.55

தங்கைக்கு வணக்கம். அம்மா தேறி வருவது மகிழ்ச்சி. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவருடைய மருந்துப் பட்டியலிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

நம் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கும் மேல் எலும்பில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு தசைகளிலும் மற்ற உயிரணுக்களின் உள்ளேயும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு அளவைச் சிறுநீரகம் மிகக் கவனமாகக் காக்கிறது: வடிகட்டும் மக்னீசியத்தில் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உறிஞ்சுதலில் பெரும்பங்கு நடக்கும் இடமும் ஃபுரோசமைடு வேலை செய்யும் இடமும் ஒன்றேதான். ஆகவே அம்மாவின் காலில் தேங்கிய நீரை வெளியேற்றிய அதே மாத்திரை, பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே வெளியேற்றியிருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மற்ற நீர் மாத்திரைகளும் நாளடைவில் இதைச் செய்யக்கூடும்.

அடுத்தது ஒமெப்பிரசோல். இந்த வகை அமிலக் குறைப்பு மருந்துகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், எடுப்பவர்களுக்கு இரத்த மக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் எச்சரிக்கை வெளியிட்டது. இவை குடலில் மக்னீசியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. அந்த நிர்வாகம் ஆராய்ந்தவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை. அமிலக் குறைப்பு மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது காரணம் இனிப்பு நீர். சர்க்கரை கூடிச் சிறுநீரில் இறங்கும்போது மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். குடல் வாங்கவில்லை, சிறுநீரகம் பிடித்து வைக்கவில்லை என்றால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்?

பொட்டாசியம் ஏன் ஏறவில்லை என்பதற்கும் தெளிவான விளக்கம் உண்டு. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் இருக்கின்றன. உயிரணுவின் உள்ளிருக்கும் மக்னீசியம்தான் அந்த வாயில்களை ஓரளவு அடைத்து வைக்கிறது. மக்னீசியம் குறைந்தால் வாயில்கள் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றிய கதைதான்.

அம்மா ஆஸ்பிரின் எடுக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். எடுத்தால், இரைப்பையில் இரத்தக் கசிவு வராமல் காக்கவே ஒமெப்பிரசோல் கொடுத்திருக்கலாம். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காலை நடையர், தண்ணீர்மலை, திங்கள் காலை 8.10

நான் மருத்துவத் துறையைச் சார்ந்தவன் அல்லன், 63 வயது. தினமும் காலையில் தாவரவியல் பூங்காவைச் சுற்றி நடப்பவன். மூன்று ஆண்டுகளாக மக்னீசியம் சிட்ரேட் எடுத்து வருகிறேன். தொடங்கும்போது மேல் அழுத்தம் 150ஐத் தொட்டுக்கொண்டிருந்தது; இப்போது 138 அளவில் நிற்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் குறைந்திருக்கிறது. எங்கள் நடைக்குழுவில் இன்னும் நால்வர் எடுக்கிறார்கள்.

இந்தப் பொருள் இதயத்திற்கு இவ்வளவு முக்கியம் என்று ஐயாவே விளக்கியிருக்கிறார். அப்படியிருக்க, அம்மாவைப்போல் விழுந்த பிறகு ஏற்றிக்கொள்வதைவிட முன்னதாகவே எடுத்துவைப்பது நல்லதுதானே? அடைப்பைக் கரைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை குறைவான, எளிதில் கிடைக்கும் ஒரு தாதுப்பொருளைக் குறித்து இவ்வளவு தயங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

செந்தூல் ஆய்வுக்கூடத்தான், கோலாலம்பூர், திங்கள் பிற்பகல் 1.25

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அக்காவின் முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும்.

கிளினிக்கில் வழக்கமாக எழுதும் சிறுநீரகப் பரிசோதனையில் யூரியா, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவை வரும். மக்னீசியம் அந்தத் தொகுப்பில் இல்லை. மருத்துவர் தனியாக எழுதினால்தான் நாங்கள் செய்வோம். எழுதாவிட்டால் கையில் மாதிரி இருந்தாலும் அந்த எண் பிறக்காது. இது யாருடைய அலட்சியமும் அன்று, தொகுப்பு அப்படி அமைந்துவிட்டது. ஆயினும் நீர் மாத்திரையும் அமிலக் குறைப்பு மருந்தும் சேர்ந்து எடுக்கும் முதியவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுதலாம் என்றே நான் நினைக்கிறேன். 2023ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பதாகக் காட்டியது. நம் சமூகத்தில் நீரிழிவின் பங்கு இன்னும் கூடுதல். இந்த மருந்துகள் இல்லாத வீடு அரிது.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை இயல்பு என்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒத்துக்கொள்ளும். 0.41 என்றால் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் 0.74 என்று வந்தால் உடலின் கையிருப்பு நிறைவாக இருக்கிறது என்று பொருள் இல்லை, ஏனெனில் எலும்பிலும் தசையிலும் இருப்பதை இரத்தம் முழுமையாகக் காட்டிக்கொடுக்காது. மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அவற்றின் உள்ளே இருந்த மக்னீசியம் கலந்து, எண் உள்ளதைவிடக் கூடுதலாகவும் தெரியும்.

நடையர் ஐயாவுக்கு ஒரு தகவல். 34 ஆய்வுகளில் பங்கேற்ற 2,028 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 368 மில்லிகிராம் மக்னீசியத்தை மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளியும், கீழ் அழுத்தம் 1.78 புள்ளியும் குறைந்தன. குறைகிறது என்பது உண்மை. ஆனால் உங்களுக்குக் குறைந்த 12 புள்ளியில் மக்னீசியத்தின் பங்கு எவ்வளவு, மூன்று ஆண்டு விடாத நடையின் பங்கு எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதயப் பிரிவுத் தாதி (ஓய்வு), திங்கள் இரவு 9.05

நான் கோலாலம்பூரில் இதயப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக இருந்து, இப்போது கெளுகோரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் பல முகங்கள் நினைவுக்கு வந்துவிட்டன.

மக்னீசியம் இதயத்தில் என்ன செய்கிறது என்று இளந்தாதிகளுக்குச் சொல்லும்போது நான் இப்படிச் சொல்வேன்: கால்சியம் உள்ளே வந்தால் இதயத்தசை சுருங்கும், அது வெளியேறினால் விரியும். கால்சியம் அளவுக்கு மீறி நுழையாமல் வாசலில் நின்று தடுப்பது மக்னீசியம். சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் எக்கிக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறும் மக்னீசியத்தோடு இணைந்தால்தான் பயன்படும். அந்த எக்கி தளர்ந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னேற்றம் பெற்றுத் தயாராவது தாமதமாகிறது. அம்மா சொன்ன மீன் துள்ளல், அப்படித் தயாராகாத நேரத்தில் எழும் தவறான துடிப்புகளாக இருந்திருக்கக்கூடும்.

அந்தத் தாமதம் மிகும்போது வரும் ஆபத்தான துடிப்பு ஒன்று உண்டு. திரையில் அலைகள் ஒரு கோட்டைச் சுற்றி நாடாவை முறுக்கியதுபோல் பெரிதாகியும் சிறிதாகியும் ஓடும். பிரெஞ்சு மருத்துவர் தெசர்த்தென் 1966இல் அதை விவரித்தார். அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரையே இன்றும் உலகம் முழுதும் சொல்கிறார்கள். நோயாளி அந்த நொடியே மயங்கிச் சாயக்கூடும். அப்போது 2 கிராம் மக்னீசியம் சல்பேட்டை நரம்பில் செலுத்துவோம். இரத்தத்தில் மக்னீசியம் இயல்பாக இருந்தாலும் அந்தத் துடிப்புக்கு அதுவே மருந்து. என் கையால் செலுத்தி, அந்த முறுக்கு அவிழ்ந்து சீரான கோடு ஓடத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை மறக்க முடியாது.

இதே கண்களால் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2,316 பேரிடம் செய்த ஆய்வு, மாரடைப்பு வந்தவுடன் மக்னீசியம் ஏற்றினால் 28 நாளுக்குள் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகச் சொன்னது. மருத்துவர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு பேசினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. மூன்றே ஆண்டில், 1995இல், 58,050 பேரிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பயன் எதுவும் தெரியவில்லை. ஏற்றும் நேரம் தாமதமானதால்தான் பயன் தெரியவில்லை என்று சிலர் வாதிட்டார்கள். அதையும் சோதிக்க 6,200 பேருக்கு மேல் சேர்த்து, விரைவாக ஏற்றிப் பார்த்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதிலும் இறப்பு குறையவில்லை. மாரடைப்பு வந்த எல்லாருக்கும் ஏற்றும் யோசனை அதோடு கைவிடப்பட்டது.

குறைவு உள்ளவருக்கு அது உயிர் காக்கும். முறுக்குத் துடிப்புக்கு அது மருந்து. குறைவில்லாத இதயத்திற்கு அதை ஊற்றினால் கூடுதல் காவல் கிடைக்கும் என்பதைப் பெரிய ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. நடையர் ஐயாவுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடைப்பு என்பது இரத்தக்குழாயின் சுவருக்குள் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வளர்வது. மக்னீசிய மாத்திரையில் அது கரைந்ததாக ஒரு சான்றும் இல்லை. அந்தப் புட்டியை நம்பி யாராவது கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

காலை நடையர், தண்ணீர்மலை, திங்கள் இரவு 10.30

சகோதரி எழுதியதை மதிக்கிறேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். மக்னீசியம் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருகிறது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றனவே? அவை எல்லாம் பொருளற்றவையா?

செந்தூல் ஆய்வுக்கூடத்தான், கோலாலம்பூர், செவ்வாய் காலை 7.15

பொருளற்றவை அல்ல ஐயா. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் ஆய்வில், இரத்த மக்னீசியம் மிகக் குறைந்த பிரிவினருக்கு ஒழுங்கற்ற மேலறைத் துடிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2013இல் கண்டார்கள். ஆனால் மக்னீசியம் குறைவாக உள்ளவர் யார் என்று பாருங்கள். பயறும் கீரையும் குறைவாக உண்பவர், நீரிழிவு உள்ளவர், நீர் மாத்திரை எடுப்பவர், மது மிகுதியாக அருந்துபவர். இவர்களின் இதயத்திற்கு வேறு காரணங்களாலும் கேடு வரும். குறைவு, நோய்க்குக் காரணமா அல்லது நோயோடு கூட வரும் அடையாளமா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு பிரித்துக் காட்டாது. அதைப் பிரிக்க, சீட்டுக் குலுக்கியதுபோல் ஆட்களைப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுதான் வேண்டும். இரத்த அழுத்தத்தில் அத்தகைய ஆய்வுகள் காட்டிய பயன் சிறியது. 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மக்னீசியம் உயர் இரத்த அழுத்த அபாயத்தைக் குறைக்கலாம் என்று பொதியில் அச்சிட அனுமதித்தது. ஆனால் சான்று முரண்பட்டது, முடிவானதன்று என்ற வாசகமும் சேர்ந்தே வரவேண்டும் என்றது.

வாரத்தில் மூன்று நாள், பிறை, செவ்வாய் பிற்பகல் 3.40

இந்த இழையை டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே படித்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து பேர் எழுதியும் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் இனிப்பு நீரால் போனவை. அதற்கு முன்பு, பாதி அளவு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், மலச்சிக்கலுக்காக மக்னீசியம் கலந்த மருந்தை நானாக வாங்கி நாள்தோறும் குடித்தேன். காஸ்திரிக்குக்குக் கிளினிக்கில் கொடுக்கும் வெள்ளை நீர் மருந்தும் வீட்டில் எப்போதும் இருந்தது. அதிலும் மக்னீசியம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் கைகால் துவண்டு, பேச்சுக் குழறி, நாடித்துடிப்பு நாற்பதுக்குக் கீழே இறங்கிப்போய் மருத்துவமனையில் கண்விழித்தேன். மக்னீசியம் தேங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கால்சியம் குளுக்கோனேட் செலுத்தி இதயத்தைக் காத்து, பிறகு டயாலிசிஸ் மூலம் வெளியேற்றினார்கள்.

நல்ல சிறுநீரகம் மிகுதியைக் கழித்துவிடும். பழுதானது கழிக்காது. மிகுந்தால் முதலில் குமட்டலும் தளர்ச்சியும் வரும், அனிச்சைச் செயல்கள் மங்கும், அழுத்தம் இறங்கும். இன்னும் மிகுந்தால் மூச்சும் இதயமும் நிற்கும். உங்கள் அம்மாவுக்குப் பதினெட்டு ஆண்டு இனிப்பு நீர் என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கை. அவருடைய சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளர், பட்டர்வொர்த், செவ்வாய் மாலை 6.20

பிறை நண்பர் தம் அனுபவத்தை எழுதியதற்கு நன்றி. முதலில் நான் சொல்லியிருக்க வேண்டியது அது. அவர் குறிப்பிட்ட வெள்ளை மருந்து மக்னீசியம் டிரைசிலிகேட் கலவை. ஆரோக்கியமான ஒருவர் எப்போதாவது குடித்தால் கேடில்லை. சிறுநீரகம் குன்றியவர் நாள்தோறும் குடித்தால் தேங்கும்.

மாத்திரைகளைப் பற்றி வரிசைகெட்ட சில குறிப்புகள். புட்டியின் முன்புறத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் தனி மக்னீசியம் எவ்வளவு என்று பின்புறம் பார்க்க வேண்டும். ஆக்சைடில் எடையில் சுமார் 60 விழுக்காடு மக்னீசியம் உண்டு, ஆனால் குடல் உறிஞ்சுவது குறைவு. மீதி வயிற்றுப்போக்காக வெளியேறும். சிட்ரேட்டில் சுமார் 16 விழுக்காடுதான், உறிஞ்சுவது அதைவிட நன்று. உணவு தவிர்த்து மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கர்களின் வரம்பு. ஐரோப்பியர்கள் 250 என்கிறார்கள். தைராய்டு மாத்திரையோடும் சில கிருமிக்கொல்லி மருந்துகளோடும் எலும்புத் தேய்வு மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் அந்த மருந்துகள் உறிஞ்சப்படாமல் போகும். சில மணி நேர இடைவெளி வேண்டும். நம் நாட்டில் பதிவுபெற்ற பொருளாக இருந்தால் பொதியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். இணையத்திலும் இரவுச் சந்தையிலும் அது இல்லாமல் விற்பதை வாங்கவே கூடாது. பதிவு எண் இருப்பதால் விற்பவர் சொல்லும் எல்லாமே மெய்யாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கெண்டைக்கால் பிடிப்பைப் பற்றி நடையர் நண்பர் எழுதியிருந்தார். முதியவர்களுக்கு வரும் பிடிப்பை மக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் தடுப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை.

ஆயர் ஈத்தாம் சமையற்கட்டு, செவ்வாய் இரவு 8.50

மருந்தைப் பற்றி அறிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். நான் உணவுமுறை ஆலோசகராக வேலை பார்ப்பவள். தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

31 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு நாளொன்றுக்கு 420 மில்லிகிராமும் பெண்ணுக்கு 320 மில்லிகிராமும் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 12 மில்லிகிராம்தான் இருக்கிறது. தவிடு நீக்காத அரிசிச் சோற்றில் சுமார் 40. தீட்டும் ஆலையிலேயே ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விடுகிறது. காலையில் ரொட்டி சானாய், மதியம் வெள்ளைச் சோறு, மாலையில் தே தாரேக் என்னும் பால் தேநீரும் பிஸ்கட்டும், இரவில் மீ கோரிங் என்னும் வறுத்த நூடுல்ஸ் என்று நாளைக் கழிப்பவருக்கு 150ஐத் தாண்டுவதே கடினம். நம் பாட்டிமார் தோட்டத்தில் இருந்தபோது முருங்கைக்கீரையும் பயறும் கேழ்வரகுக் களியும் உண்டார்கள். கேழ்வரகு மாவு 100 கிராமில் சுமார் 140 மில்லிகிராம் உண்டு. ஆயர் ஈத்தாம் சந்தையில் வாழை இலையில் பொதிந்து விற்கும் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் சுமார் 80. வேகவைத்த பச்சைப் பயறிலும் கொண்டைக்கடலையிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 48. ஒரு கைப்பிடி பாதாம் 80, முந்திரி 74. பூசணி விதை ஒரு கைப்பிடியில் சுமார் 150 கிடைக்கிறது. நாம் சாம்பாருக்குப் பூசணியை அரிந்துவிட்டு விதையைக் குப்பையில் போடுகிறோம். கழுவி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து வைத்தால் பேரப்பிள்ளைகளும் தின்பார்கள்.

கீரையின் பச்சை நிறத்தைத் தரும் பச்சையத்தின் நடுவில் இருப்பதே மக்னீசிய அணு. கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் ஒரு பகுதி அதோடு போய்விடும். கச்சாங் பூத்தே (கடலை, பயறு கொறிப்பு) நல்லதுதான், ஆனால் உப்பில் புரட்டியதை அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சிறுநீரகம் குன்றியவர்கள் மட்டும் நான் எழுதிய இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றக் கூடாது. கீரை, பயறு, கொட்டை, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. அவர்களுக்கு அளவைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

லூனாஸ் அண்ணன், புதன் காலை 6.35

ஆய்வுக்கூடத் தம்பி மதுவைப் பற்றி ஒரு சொல் எழுதிப் போய்விட்டார். என் தம்பி, சம்சு என்னும் மலிவுச் சாராயத்தைக் குடித்தே போனவன். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவன் சோறே சரியாக உண்ணவில்லை. கை நடுக்கம், வலிப்பு, துடிப்புக் கோளாறு என்று மூன்று முறை சேர்த்தோம். மூன்று முறையும் மக்னீசியம் தரையில் கிடந்தது. மது சிறுநீரில் அதை வெளியேற்றிவிடுகிறது, உண்ணாததால் உள்ளே வருவதும் இல்லை என்று மருத்துவர் விளக்கினார். குடிப்பவர் வீட்டில் இருந்தால், படபடப்பு என்று அவர் சொல்லும்போது குடியின் நடுக்கம் என்று தள்ளிவிடாமல் இரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் முதல் முறை அப்படித்தான் தள்ளிவிட்டோம்.

காலை நடையர், தண்ணீர்மலை, புதன் காலை 9.20

பிறை நண்பரின் பதிவைப் படித்த பிறகு நேற்று இரவு தூங்க முடியவில்லை. எங்கள் நடைக்குழுவில் மக்னீசியம் எடுக்கும் நால்வரில் இருவருக்கு இனிப்பு நீர் உண்டு. அவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தவன் நான். இன்று காலை நடையின்போதே இருவரிடமும் பேசினேன். சிறுநீரகப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டார்கள். நானும் வரும் வாரம் சோதித்துக்கொள்கிறேன். என் சிறுநீரகம் நன்றாக இருந்தால் என் சிட்ரேட்டைத் தொடரத்தான் போகிறேன். எனக்கு அது உதவுகிறது என்றே இன்னும் நம்புகிறேன். ஆனால் மற்றவருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டேன்.

பாலிக் பூலாவ் மகள், மூன்று வாரத்திற்குப் பின், சனி இரவு 8.15

தாமதத்திற்கு மன்னிக்கவும். அம்மா ஆஸ்பிரின் எடுப்பதில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, நீங்கள் எழுதியவற்றை ஒரு தாளில் குறித்து மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒமெப்பிரசோலை நிறுத்திவிட்டு, மக்னீசியத்தைக் குறைக்காத ஃபமோட்டிடின் மாத்திரையை எழுதினார். ஃபுரோசமைடின் அளவைப் பாதியாக்கி, இதயத் தளர்ச்சிக்கும் பயன்படும் ஸ்பைரோனோலாக்டோனைக் குறைந்த அளவில் சேர்த்தார். அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் உடலில் நிறுத்தி வைக்கும் வகை என்பதால், அன்றே பொட்டாசிய மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரத்தில் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று தேதியும் எழுதிக் கொடுத்தார். அம்மாவின் சிறுநீரகம் நூற்றுக்கு 52 அளவில் வேலை செய்கிறது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் மக்னீசிய மாத்திரையை மிகச் சிறிய அளவில் ஒரு மாதத்திற்கு மட்டும் கொடுத்திருக்கிறார், அதுவும் சோதனையோடு.

நேற்றைய முடிவு: மக்னீசியம் 0.76, பொட்டாசியம் 4.3. மீன் துள்ளல் இல்லை என்கிறார் அம்மா. உறவினரிடம் புட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவருக்கு வருத்தம்தான். அவருடைய அப்பாவும் நீர் மாத்திரை எடுப்பவர் என்பதால், கோபத்தைப் பொருட்படுத்தாமல் இந்த இழையின் முகவரியையும் சேர்த்தே கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாம் அக்காவிடம் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அம்மா கேழ்வரகுக் களி கேட்கிறார். சர்க்கரையும் சிறுநீரகமும் இந்த நிலையில் இருக்கும்போது ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஆயர் ஈத்தாம் சமையற்கட்டு, சனி இரவு 9.30

கேழ்வரகும் மாவுச்சத்துதான் என்பதால் சோற்றுக்கு மேல் கூடுதலாக இல்லாமல் சோற்றுக்குப் பதிலாகக் கொடுங்கள்; ஒரு வேளைக்கு முப்பது கிராம் மாவு, அதாவது குவிக்காத மூன்று மேசைக்கரண்டி, போதும். வெல்லம் வேண்டாம். கீரைக் கூட்டோ மோரோ தொட்டுக்கொள்ளலாம். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்து, அந்த எண்ணையும் அடுத்த பொட்டாசிய முடிவையும் இங்கே எழுதுங்கள். அவற்றைப் பார்த்து அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று சொல்கிறேன்.